பாதிப் பாட்டுக்கு விழுந்த மாலை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலானால் எங்கள் தோட்டத்து லைன் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே கதையைப் பேசிக்கொண்டிருப்போம். நான், என் வீட்டுக்காரர், காய்கறி லாரி ஓட்டும் சீன டிரைவர். எண்பதுகள் முழுக்க இப்படித்தான் போனது. டிரைவர் மலாயில் பேசுவார். இவர் பாதி மலாய், பாதி தமிழ் என்று கலந்தடித்துப் பதில் சொல்வார். உர விலை, சடக்கில், அதாவது மலைச் சாலையில், சரிந்த மண், யார் வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றி வளைத்து ஈப்போ டவுனுக்கு நாங்கள் போன கச்சேரியில் வந்து நிற்கும். அந்தச் சினிமாக் கொட்டகை. ஆர்கன் வாசித்த பையனின் இடுப்பு வரைக்கும் தொங்கிய முடி. டிரம்ஸ்காரன் குச்சியை உடைத்துவிட்டு, தாளம் தப்பாமல் அடுத்த குச்சியை எடுத்த லாவகம். "அந்த மாதிரி இனிமே வராதுலா" என்பார் டிரைவர். "எங்க வரப்போவுது" என்பார் இவர்.

பிறகு அந்தப் பூமாலைக் கதை வரும். இரண்டு பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"பாருங்க, இன்னும் வெக்கம் போவல அதுக்கு" என்று என் முதுகுக்குப் பின்னால் இவர் சொல்வது கேட்கும்.

போகவில்லைதான். ஆனால் எது வெட்கம் என்று அவர் கேட்டதில்லை.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும், கொழுந்து எடுக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா என்னைச் சின்ன துரை பங்களாவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். உதவி மேனேஜரைத்தான் நாங்கள் சின்ன துரை என்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவர் இளவயது வெள்ளைக்காரர். தாடி வைத்திருந்தார். பெரிய துரைக்கு அந்தத் தாடியைக் கண்டாலே ஆகாது. அவரிடம் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு இருந்தது. மழை நாளில் தோட்டத்துக்குள் போக முடியாமல் வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். நான் பக்கத்து அறையில் அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன்.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாட்டு என்றால் பாட வேண்டாமா? கிட்டார் வரும், போகும். டிரம்ஸ் வரும். யாரோ ஒருத்தன் நாலு வரி பாடிவிட்டு எங்கேயோ போய்விடுவான். ஒரு தாளம் பிடிபடுகிறதே என்று தலையை ஆட்டினால், அது சட்டென்று வேறு தாளத்துக்குத் தாவிவிடும். நான் ஆட்டிய தலை நடுவில் நிற்கும். என்ன கண்றாவி இது என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதில் ஒரே ஒரு பாட்டு மட்டும் என்னை என்னவோ செய்துவிட்டது. நீளமான பாட்டு. முதல் சட்டையில் தொடங்கினால் கடைசிச் சட்டை வரைக்கும் போகும். நடுவில் காய்ச்சல் வந்த மாதிரி வேகமெடுக்கும், அடங்கும், மறுபடியும் வேறு பக்கமிருந்து ஏறும். அப்புறம் எல்லாச் சத்தமும் ஒவ்வொன்றாக விலகிப்போய், ஆர்கன் மட்டும் ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான், தட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிடும். துரை எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவார். அதற்குள் என் வேலையும் முடிந்திருக்கும். சட்டையெல்லாம் மடித்து வைத்தபிறகு பங்களாவில் நிற்க எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? சமையல்காரர் வேறு, "என்னாத்த பாத்துக்கிட்டு நிக்கிற, போ போ" என்று விரட்டுவார். திருப்பிப் போட்ட பக்கத்தில் வருவது அதே பாட்டின் மிச்சமா, வேறு பாட்டா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். இஸ்திரி போடுகிற பெண் இதைப் போய்க் கேட்பாளா?

ஒருநாள் கேட்டுக்கொண்டே ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். துரை வாசலில் நின்று பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நிற்கிறேன், அவர் இசைத்தட்டைக் காட்டி, "சுக்கா?" என்றார். பிடிக்குமா என்று மலாயில் கேட்கிறார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "தேங்க் யூ சார்" என்றேன். என்ன பதில் அது! நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் வேலையை விட்டுத் தம் நாட்டுக்குப் போகும்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு கேசட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மூன்று சின்னப் பாட்டுகள், அதன் பிறகு அந்தப் பெரிய பாட்டு. ஆர்கன் ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நாடா தீர்ந்து, டொக்கென்று நின்றுவிடும். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. சரி, பாட்டு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். மனசு ஒத்துக்கொள்ளாது. என்னமோ சொல்ல வந்தவர் பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை செய்தார். நாளெல்லாம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவரிடம், வீட்டிலும் இரைச்சலைப் போட்டால் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் கொடுத்த கேசட் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மெதுவாகப் போட்டேன். அவர் குளித்துவிட்டு வந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டொக்கென்று நின்றதும் எழுந்து போய்க் கேசட்டை வெளியில் எடுத்து, தூசி துடைத்து, டப்பாவில் வைத்தார். மறுநாளும் அப்படியே. அதன்பிறகு அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

பெண்டாட்டி மனசு நோகக்கூடாது என்று பொறுத்துக்கொள்கிறார், பாவம் என்று நினைத்தேன். நல்ல மனுஷன்தான், ஆனால் இதெல்லாம் இவருக்கு எங்கே புரியப்போகிறது என்றும் நினைத்தேன். துரை பங்களாவில் கேட்டுப் பழகியவள் என்ற திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

லைனில் எங்களைச் சும்மா விடுவார்களா? பலகைச் சுவர்தானே. பக்கத்து வீட்டு அக்கா, "ஏண்டி, சாமானை எல்லாம் போட்டு உருட்டுறாங்களே, பாட்டு எப்பதாண்டி ஆரம்பிக்கும்?" என்று சுவரைத் தட்டுவார். குழாயடியில் என்னைப் பார்த்தால் சிறுசுகள் வாயாலேயே டிரம்ஸ் அடித்துக் காட்டும். எனக்கு அவமானமாக இருக்கும். சத்தத்தைக் குறைத்து வைப்பேன். இவர் எழுந்து போய்க் கொஞ்சம் கூட்டி வைப்பார். எனக்காகத்தான் செய்கிறார் என்று அதையும் நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒருநாள் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டிரைவர் வந்தார். லைனுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் போட்டிருந்தவர்களிடம் சரக்கு எடுக்க லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியவர், கூடையை அப்படியே கீழே போட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். தோள் வரைக்கும் முடி. கால்சட்டையைச் சிலுவார் என்போம், அதன் கால் இரண்டும் சடக்கைக் கூட்டுகிற அகலம்.

"இந்தப் பாட்டு உங்ககிட்ட எப்படி?" என்று மலாயில் கேட்டார். கேட்டவிதமே, எங்கே திருடினீர்கள் என்கிற மாதிரி இருந்தது. துரை கொடுத்தது என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். ஈப்போவில் அவருடைய கூட்டாளி வீட்டில் இந்த இசைத்தட்டு இருந்ததாம். அதைக் கேட்கவே அவர் சனிக்கிழமை தவறாமல் போவாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு குழு ஈப்போவுக்கு வந்து சினிமாக் கொட்டகையில் மத்தியான ஆட்டமாக வாசிக்கிறது, இந்தப் பாட்டும் உண்டு, லாரியில் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தைப்பூசத்தைத் தவிர மலையை விட்டு இறங்காத மனுஷன் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். நான் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தேன். கச்சேரிக்கு வேறு எதைக் கட்டிக்கொண்டு போவது? இவர் வேட்டி சட்டையில் இருந்தார். கையில் ஈரச் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. பிரித்துப் பார்த்தால் மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தி மாலை. நல்ல தடிமன். "எதுக்குங்க இது?" என்றேன். "போற எடத்துல கோயில் கீயில் இருக்கும்ல" என்றார். பெண்பிள்ளை என்று எனக்கு டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் பின்னால் கோஸ் கூடைகளோடு உட்கார்ந்துகொண்டார்.

தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் குடலைப் புரட்டியது. அதை மறக்கவோ என்னவோ, டிரைவரிடம் கேட்டுவிட்டேன். எங்கள் கேசட்டில் அந்தப் பாட்டு நிற்கிற இடம் சரியான முடிவுதானா?

"அடேயப்பா, பெலும் ஹாபிஸ் லா!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். முடியவில்லையாம். அக்காவை மலாயில் கக்காக் என்பார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். "அது பாதிதான் கக்காக். அந்த ஒத்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் விஷயமே இருக்கு. இன்னிக்குக் கேளு, அப்புறம் சொல்லு."

எனக்கு வயிற்றைப் புரட்டுவதெல்லாம் நின்றுவிட்டது. அத்தனை வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது சரிதான்! பாட்டுக்கு மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு அதைக் கேட்டுவிடப் போகிறேன். அந்தச் சந்தோஷத்தில் ஈப்போ வந்ததே தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கு எல்லாம் ஒன்றுதானே.

கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் என் சந்தோஷம் பாதியாகிவிட்டது. எல்லாம் படித்த பிள்ளைகள். சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், சட்டைக்காரர் என்போமே, அந்த யூரேஷியப் பெண்கள். எல்லாரும் சிலுவாரும் காலில் சப்பாத்துமாக நிற்கிறார்கள். நடுவில் நான், பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக. இவர், வேட்டியும் சாக்குத் துணி மூட்டையுமாக. எங்களுக்கு முன்னால் இருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு தோழியிடம் என்னவோ சொன்னாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலிக்குள் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினேன். என் வீட்டுக்காரரோ பக்கத்தில் இருந்தவனிடம், "வணக்கம், நாங்க கேமரன் மலை" என்று அறிமுகம் செய்துகொள்கிறார்! தொடையில் கிள்ளினேன்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பற்றி எப்படிச் சொல்வது? அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாற்காலி அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. நான்கே நான்கு பையன்கள். நம்ம ஊர் முகங்கள். ஆர்கன் வாசித்தவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இடது கை ஒன்றிலும் வலது கை ஒன்றிலுமாக இரண்டு ஆர்கன்களுக்கு நடுவில் நின்று வாசித்தான். பிறகு எங்கள் பாட்டு வந்தது. முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் பார்த்தேன். இவர் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாராக்கும் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டு வேகமெடுத்து, அடங்கி, மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தபோது, "ஒரு நிமிசம் வந்துர்றேன்" என்று எழுந்து போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாயனக்காரர்கள் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வாசித்து ஓர் உருப்படியை முடித்தவுடன், வாசித்த கை ஓயுமுன்னே யாராவது மேடையேறி மாலை போட்டு, தோட்டத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்க வேண்டும். போடாவிட்டால் வித்துவானை அவமதித்த மாதிரி. மற்றவர்கள் கூச்சப்பட்டுப் பின்வாங்குவார்கள், இவர்தான் போவார். வருஷாவருஷம் அது அவருடைய வேலை.

ஒவ்வொரு சத்தமாக விலகியது. டிரம்ஸ் நின்றது. கிட்டார் நின்றது. ஆர்கன் மட்டும் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொட்டகையே மூச்சுவிடவில்லை. இதோ, இப்போது வரப்போகிறது என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

மேடையின் பக்கவாட்டுப் படிக்கட்டில் ஒரு வேட்டி தெரிந்தது.

செருப்பைப் படியின் கீழே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, என் வீட்டுக்காரர் மேடையேறிக்கொண்டிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் கத்துகிறேன். அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான். அவன் தலை வழியாக மாலை விழுந்தது. பதறிப்போய் இரண்டு கையையும் ஆர்கன் மேல் ஊன்றிவிட்டான். கர்ரென்று ஒரு சத்தம் கொட்டகையைக் கிழித்தது.

பிறகு சிரிப்பு. விசில். யாரோ நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

அதோடு இறங்கியிருக்கலாமே மனுஷன்! கைதட்டலைக் கேட்டதும், மைக்கின் முன்னால் போய்க் கும்பிட்டார். "எல்லாருக்கும் வணக்கம். கேமரன் மலை தேயிலைத் தோட்டத்துலேருந்து வந்திருக்கோம். தம்பி ரொம்பப் பிரமாதமா வாசிச்சிட்டாரு. என் சம்சாரம் அங்கதான் உக்காந்திருக்கு…" என்று கையை நீட்டி என்னைக் காட்டினார். அத்தனை தலையும் திரும்பியது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. மானம், மரியாதை, துரை பங்களாத் திமிர் எல்லாம் போயிற்று. இரண்டு ஆட்கள் ஏறி அவரைத் தோளைப் பிடித்து இறக்கினார்கள். அவர் ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. சிரித்த முகமாகவே கூட நடந்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது.

நானும் எழுந்துவிட்டேன். எழுந்து, புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நாற்காலி தாண்டியும் விட்டேன். அப்போது அந்தப் பையன் மாலையைக் கழற்றி ஆர்கன் மேல் வைத்துவிட்டு, மறுபடியும் அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தான்.

நான் அப்படியே கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சப் பாட்டு வந்தது. அடியிலிருந்து, மிக மெல்லிய கிட்டார். பிறகு டிரம்ஸ். முதல் பாதியில் கோபமாக வந்த அதே மெட்டு இப்போது நிதானமாக, அகலமாக வந்தது. அதுவரைக்கும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே, மேலே, இதற்கு மேல் போக முடியாது என்ற இடத்துக்குப் போய், அங்கேயிருந்தும் இன்னொரு படி ஏறியது. நான் அழுதுகொண்டிருந்தேன். யார் பார்க்கிறார்கள், என்ன கட்டியிருக்கிறேன், எதுவும் நினைவில்லை. எனக்குப் புருஷன் ஒருத்தன் இருக்கிறான், அவனை இப்போதுதான் வெளியே தள்ளினார்கள் என்பதுகூட நினைவில்லை. பாட்டு முடிந்து, விளக்குப் போட்டு, டிரைவர் வந்து தோளைத் தொட்டு, "அவர் எங்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கு உலகமே ஞாபகம் வந்தது.

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மேடைப் படியடிக்கு நடந்து போய் அவருடைய செருப்பை எடுத்தேன். ஆர்கன் பையன் குனிந்து, "சாரி, கக்காக்" என்றான். அவன் எதற்குச் சாரி சொல்கிறான்! தலையைக்கூட ஆட்டாமல் வந்துவிட்டேன்.

கொட்டகை வாசலில் அவரைக் காணோம். பக்கத்துச் சந்திலும் இல்லை. கடைசியில், பெரிய சடக்கைத் தாண்டி, முச்சந்தியில் சாப்பாடு விற்கும் ஓர் ஒட்டுக்கடையின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை ஆட்டினார்.

திரும்பும்போது லாரி நிறையக் கோழி எரு மூட்டை. டிரைவர் முன்னால் வந்து உட்காரச் சொன்னார். நான் முடியாது என்று பின்னால் ஏறினேன். நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்க வேண்டும், அதற்கு முன்சீட்டு சரிப்படாது. பட்டுப் புடவையோடு எரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தேன்.

"என்னா மனுசன் நீங்க? அறிவு இருக்கா? இது என்ன நம்ம மாரியம்மன் கோயிலா? அத்தன சனத்துக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டீங்களே! பெரிய ஆளுன்னு காட்டிக்கணும், இல்ல?"

"பாட்டு முடிஞ்சிருச்சுல்ல. அதான் ஏறுனேன்."

"எங்க முடிஞ்சிச்சு? அது பாதி! நம்ம கேசட்டுலதான் அங்க நிக்கும். அதுக்கப்புறம் எம்புட்டு இருக்கு தெரியுமா?"

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அன்றைக்கு மேடையில் இறங்காத சிரிப்பு.

"இன்னும் இருக்கா?" என்றார். "நெசமாவா?"

நான் தலையாட்டினேன்.

"தெனம் டொக்குன்னு நிக்கிறப்ப எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும்மா. மெசின்கிட்ட நிக்கிறப்பகூட அதான் மனசுல ஓடும். சரி, வெள்ளக்காரன் பாட்டு, அப்படித்தான் முடியும்போலன்னு நெனச்சிக்குவேன். முடிக்கிற எடத்துல அந்தத் தம்பிக்கு ஒரு மாலையப் போட்டுறணும்னு ஆசை. நம்ம நாயனக்காரருக்குப் போடுறோம், இவ்வளவு வாசிக்கிற பிள்ளைக்குப் போட வேணாமா?" கொஞ்ச நேரம் எரு மூட்டையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "வெளிய நின்னாக்கா கேட்டிருக்கும். நான்தான் அங்க நிக்கல. என்னையப் பாத்தா, இவன் பொண்டாட்டியும் உள்ளாரதான் இருக்குதுன்னு ஒன்னயும் புடிச்சு வெளிய வுட்டுருவானுங்களோன்னு பயம். அதான் அந்த ஒட்டுக்கடைக்குப் போயிட்டேன். காடி, லாரி சத்தத்துல அங்க ஒண்ணும் கேக்கல."

அவர் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி முடிஞ்சிச்சு? கொஞ்சம் பாடிக் காட்டேன்."

எருவின் நாற்றத்தில், லாரியின் குலுக்கலில், வாயால் முனகிப் பார்த்தேன். எனக்குள் அத்தனையும் அப்படியே இருந்தது, வெளியே ஒன்றும் வரவில்லை. தாலாட்டு மாதிரி என்னவோ வந்தது. "ம்… அப்புறம்?" என்றார் அவர், காதைக் கிட்டே கொண்டுவந்து. மறுபடியும் முனகினேன். மறுபடியும் தப்பாக வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "ம்… அப்புறம்?" என்றார்.

சில மாதம் கழித்து, டிரைவர் அந்த இசைத்தட்டை முழுசாக வேறொரு கேசட்டில் பதிவு செய்து கொண்டுவந்தார். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஒற்றைச் சுரம் தாண்டியதும் இவர் சுவரை விட்டு முன்னால் வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் ஆடாமல் அசையாமல் கேட்டார். அந்தச் சின்னப் பெட்டியில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டகையில் நான் கேட்டது அதுவல்ல. அது டிரைவருக்கும் தெரியும்.

முடிந்ததும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு அங்கயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றேன். "இதேதான்."

"அப்ப நான் ஒண்ணும் விட்டுறல" என்றார், நிம்மதியாக. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் அன்று என்னைப் பார்க்காமல் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.